பசைக்கு முந்தைய நிமிஷம்

செய்தி வந்தபோது காலை பதினொன்றேகால் மணி. தங்கையின் இரண்டு கைகளும் பள்ளி வேன் டிரைவர் ஒருவரின் வாய்க்குள் இருந்தன. கையுறையைக் கழற்ற முடியாது. அதனால் நர்ஸ்தான் போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணி.

"உங்க அண்ணன் போயிட்டாரும்மா."

முந்தின நாள்தான் அண்ணனை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றிவிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவள் கிளினிக்கைத் திறந்திருந்தாள். வேன் டிரைவர் அண்ணனின் நோயாளி. ஏற்கெனவே வேறு எங்கோ வைத்த அடைப்பு விழுந்து, திரும்ப அடைக்க வந்தவர். ஆக்சிஜன் குழாயோடு படுத்துக்கொண்டே அண்ணன் கேட்டது இது ஒன்றைத்தான்: "வேன்காரர் பல்லை உன் வேகத்துக்கு ஓட்டிடாதே குட்டி. அந்த ஒரு நிமிஷம் வை."

அண்ணனும் தங்கையும் பல் டாக்டர்கள். ஒரே அறையில் இரண்டு நாற்காலி, நடுவில் அரைச்சுவர். தங்கைப் பக்கம் வேலை மளமளவென்று நடக்கும். அண்ணன் பக்கம் எப்போதும் ஒரு குரல் கேட்கும்: "ஒரு நிமிஷம், அப்படியே இருங்க." நோயாளிகள் அவனுக்கு 'ஒரு நிமிஷம் டாக்டர்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவனும் ஒரு காலத்தில் வேகமாக அடைத்தவன்தான். தையல்கார அம்மா ஒருத்தி, சில வருஷம் கழித்து, விழுந்த அடைப்பைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தாள். "உங்க சாமான் உங்ககிட்டயே வந்திருச்சு டாக்டர்" என்றாள். எல்லோரோடும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கப்புறம்தான் கட்டுரை கட்டுரையாகப் படிக்க ஆரம்பித்தான்.

பல்லின் வெளி ஓட்டுக்கு உள்ளே இருக்கும் டென்டினில் ஆசிட் தடவிக் கழுவினால், நுண்ணிய நார்வலை ஒன்று வெளியே தெரியும். பசை அந்த நாருக்குள் ஊறிப் பிடிக்க வேண்டும். ஊறாமல் விட்ட இடங்களில் நார் வெறுமனே நிற்கும். ஆசிட் பட்டதும் டென்டினுக்குள் உறங்கிக் கிடந்த நொதிகள் விழித்துக்கொண்டு, அந்த நாரைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். முதல் நாள் கல்லு மாதிரி இருக்கும் அடைப்பு, வருஷம் போகப் போகக் கழன்றுவிடும். அதனால் அண்ணன் பசைக்கு முன்னால் குளோர்ஹெக்சிடின் என்ற மருந்தைத் தடவி, அந்த நொதிகளை அடக்க ஒரு நிமிஷம் காத்திருப்பான். பிறகு காற்றை ஊதிக் காயவைக்காமல், ஈரம் மினுமினுக்கும்படி ஒற்றியெடுப்பான்.

"இதனால அடைப்பு நாள்பட நிக்கும்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?" என்று தங்கை அரைச்சுவருக்கு மேலே தலையை நீட்டி வம்பிழுப்பாள்.

"பிடுங்கின பல்லுல சோதிச்சப்போ நிக்குது. வாய்க்குள்ள, சில பேரு நிக்குதுங்கறாங்க, சில பேரு வித்தியாசமே இல்லைங்கறாங்க."

"தெரியாத விஷயத்துக்கா இவ்வளவு மெனக்கெடறே?"

"ஒரு நிமிஷம்தானேடி. அவங்க எத்தனை வருஷம் அதுல மெல்லணும்!"

இப்போது வேன் டிரைவரின் பல்லில் ஆசிட் கழுவியாகிவிட்டது. அந்த மருந்தும் அப்போதுதான் தடவியிருந்தது.

"நீங்க கிளம்புங்க டாக்டர். தற்காலிகமா எதையாவது வச்சு மூடிடலாம்" என்றாள் நர்ஸ். விட்டுப் போனால் எச்சில் இறங்கும், எல்லாம் முதலிலிருந்து. நிமிஷத்தைச் சுருக்கிப் பசையைத் தடவிவிட்டு ஓடலாம். யாருக்கும் தெரியாது.

போனில் சொன்னது டிரைவருக்கும் கேட்டிருந்தது. திறந்த வாயோடு, போங்க போங்க என்று கையை ஆட்டினார்.

"அசையாதீங்க. ஒரு நிமிஷம், அப்படியே இருங்க" என்றாள் தங்கை.

நின்றாள். சுவர்க்கடிகாரத்தின் முள் நகர்வது தெரிந்தது. டிரைவரின் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கமாக ஓடியது. நர்ஸ் அதைத் துடைத்தாள். பிறகு தங்கை பஞ்சால் ஒற்றினாள், பசையைத் தடவினாள், நீல விளக்கைப் பிடித்தாள், அடைப்பை அடுக்கடுக்காக வைத்தாள். "கடிச்சுப் பாருங்க" என்றாள். சரியாக இருந்தது. மெருகு போடுவதை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி தனியாக உட்கார்ந்திருந்தாள். கன்னம் காய்ந்திருந்தது.

"லேட்டாயிடுச்சு அண்ணி. வேன்காரர் வாய் திறந்தபடி இருந்தார். பாதியில விட முடியலை."

"தெரியும். அவர் சொன்ன மாதிரி வச்சியா?"

"வச்சேன்."

"அப்ப உள்ள போய் அவர்கிட்டயே சொல்லும்மா. காலையில கூடக் கேட்டுட்டிருந்தார்."

அவள் உள்ளே போய், போர்வைக்கு வெளியே இருந்த கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து, சிக்னலில் நின்ற பள்ளி வேனிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்தார். "பல்லு கிண்ணுனு இருக்கு டாக்டர். நாக்குக்குத்தான் லேசா சொரசொரங்குது. அது கிடக்குது, கிளினிக்கை உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப திறங்க."

அந்த அடைப்புக்கு இன்னும் மெருகு போடவில்லை.