வெறுங்காலால் ஓட்டிப் பார்த்தவர்

கல்முனையில் கார் இன்ஜினின் கணினியை மாற்றியமைத்து இழுவை கூட்டித் தருபவர் அவர். யாருடைய காரில் ஏறினாலும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலால்தான் ஓட்டிப் பார்ப்பார். "இன்ஜின் கதைக்கிறது உள்ளங்காலுக்குத்தான் விளங்கும் காக்கா" என்று அண்ணன் முறை வைத்துச் சொல்வார். அந்தப் பேச்சில்தான் விழுந்தேன்.

என் டர்போ காருக்குக் குறைந்த வேகத்தில் இழுவை போதாது. டர்போ விழித்துக்கொள்வதற்குள் ஆட்டோகூட முந்திப் போய்விடும். அவர் லெப்டொப்பைக் காரோடு இணைத்து, பிஸ்மி சொல்லி, ஏதோ ஏற்றினார். ஒலுவில் வரை ஓட்டினேன். கால் பட்டதும் பாய்ந்தது. கூட்டாளிமார் மூன்று பேரை நானே அவரிடம் கூட்டிப்போனேன்.

பிறகு குடும்பத்தோடு மகியங்கனை தாண்டி மலையேறினேன். முழுதாக மிதித்தும் கார் பழையபடியே முனகியது. திரும்பி வந்ததும் அவரைக் கேட்டேன்.

"இன்ஜினத் தொடல்ல காக்கா, அது தாங்காது. எக்ஸலேட்டர லேசா மிதிச்சாலும் பாயிற மாதிரி வெச்சன். அவ்வளவுதான்."

"அண்டைக்கே செல்லியிருக்கலாமே?"

"நீங்க சிரிச்சிட்டுப் போனீங்க. எப்பிடிச் செல்ற?"

முகத்தில் வெட்கமே இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்த காரில் ஏறினார்.

அந்த மூன்று பேரும் இன்றும் என்னிடம் இழுவையைப் புகழ்கிறார்கள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டுகிறேன்.