எச்சில் பார்க்கும் தாய்மாமன்

காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் சேலை விரித்துக் காட்டும் குமரகுருவின் உதடு எந்தத் தம்ளர் மீதும் பட்டதில்லை. டீயைக்கூட அண்ணாந்துதான் குடிப்பார். தொண்டை பொசுங்கும், கொள்கை பொசுங்காது. கடைச் சொம்பில் யாராவது வாய் வைத்துவிட்டால், அன்று முழுக்கத் தாகத்தோடு நிற்பார். வாய் வைத்தவரையும் நிம்மதியாக விடமாட்டார்.

இப்பேர்ப்பட்ட சுத்தக்காரருக்கு, முகூர்த்த சீசனில் தூக்கம் கெட்டு வெயிலில் அலைந்தால் போதும், உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வந்துவிடும். முதலில் சுருசுருவென்று எரியும். பிறகு நீர் கோத்து, உடைந்து, பொருக்குத் தட்டும். பல்லி மூத்திரம் என்பது அவருடைய தீர்ப்பு. வைத்தியமும் ஊரிலேயே இருந்தது. வரதராஜப் பெருமாள் கோயிலின் தங்கப் பல்லியை, மேலே பல்லி விழுந்த தோஷம் போகத்தான் ஜனங்கள் தொடுவார்கள். மூத்திரத்துக்கும் அதுவே மருந்து என்பது குமரகுரு சேர்த்துக்கொண்டது. பட்டை பட்டையாக விபூதி பூசும் குடும்பம். இந்த ஒரு வியாதிக்கு மட்டும் பெருமாள். தொட்டுவிட்டு வந்தால் பத்து நாளில் போய்விடும். தொடாவிட்டாலும் போய்விடுமா என்று பார்க்க அவர் ஒரு தடவையும் விட்டதில்லை.

தங்கை கீர்த்தி தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். பெயர் வைக்கும் நாளில் தாய்மாமன்தான் பிள்ளையை மடியில் வைத்து, காதில் பெயர் சொல்லி, முத்தம் கொடுக்க வேண்டும். அந்த வாரம் பார்த்து உதட்டில் கொப்புளம். குழந்தையைக் காட்டப் போன இடத்தில் கீர்த்தி டாக்டரிடம் விசாரித்து வந்தாள்.

"அண்ணா, இது பல்லி இல்லண்ணா. ஹெர்பிஸ்னு ஒரு வைரஸ். பச்சக் கொழந்தைக்கு ஒட்டுனா மூளைக்கே போயிடுமாம். உயிருக்கே ஆபத்தாம்."

"நேத்தே பல்லியத் தொட்டுட்டு வந்துட்டேன்மா. வாடிக்கினு இருக்குது பாரு."

"வாடுனாலும் ஒட்டும். முத்தம் குடுத்தா ஒட்டும், புண்ணத் தொட்ட கையால தொட்டா ஒட்டும். நீ வாய் தொடைக்கிற துண்டு இருக்குதே, அதுகூட கொழந்தகிட்ட வேணாம்."

குமரகுரு குரலைத் தாழ்த்தினார். "ஹெர்பிஸா? அது கண்ட எடத்துக்குப் போறவனுக்கு வர்றதாச்சே. என்னய இன்னான்னு நெனச்சே?"

"அப்படியும் வரும். உனக்குச் சின்ன வயசுல யாராச்சும் ஆசையா முத்தம் குடுத்தே வந்திருக்கும். உள்ளயே ஒக்காந்துக்கினு, ஒடம்பு அசந்தா வெளிய வருமாம். ஊருல பாதிப் பேருக்கு இருக்குதாம்."

"பாதி ஊருக்கு இருக்குது, நான் மட்டும் முத்தம் குடுக்கக் கூடாதா?"

அம்மா ஏலவார்குழலி அடுப்படியிலிருந்தே பேசினாள். "தாய்மாமனத் தள்ளி வச்சா ஊரு சிரிக்கும்டி. உன்ன எத்தினி பேரு கொஞ்சுனாங்க, நீ இன்னா ஆயிட்டே?"

கீர்த்தி விடவில்லை. டாக்டர் பேசும் வீடியோ ஒன்றை அண்ணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினாள். அவர் கும்பிடு போட்டுவிட்டு, பல்லி விழும் பலன் வீடியோவைத் திருப்பி அனுப்பினார். மறுபடி அனுப்பினாள். இந்த முறை அதே கோயிலில் தங்கப் பல்லிக்குப் பக்கத்திலிருக்கும் வெள்ளிப் பல்லியின் படம் வந்தது.

பெயர் வைக்கும் நாளில் பட்டு வேட்டி சரசரக்க வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார். பொருக்கு இன்னும் ஈரமாக இருந்தது. கீர்த்தி குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். வீடு நிறைய உறவுக்காரர்கள். வைரஸ் பற்றிச் சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது.

"அண்ணா, அடுத்தவங்க வாய் வச்ச தம்ளர்ல நீ குடிப்பியா?"

"சீ!"

"அப்ப உன் வாய் பட்டா அது எச்சில் இல்லியா? என் புள்ளய எச்சில் பண்ணுவியா?"

குமரகுரு அறிந்தவரை எச்சில் என்பது மற்றவர்களுக்கு ஊறுவது. தன் வாயிலும் அது ஊறுகிறது என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. முகம் கறுத்தது. கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று அம்மா பயந்தாள். அவரோ எழுந்து, சுவரோரம் தள்ளி நின்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, அங்கிருந்தே பெயரைச் சொன்னார். குழந்தையின் காதில் முணுமுணுக்க வேண்டிய "சிவபாலன்" தெருமுனை வரை கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது.

சமாதானப்படுத்த மாப்பிள்ளை வீட்டு அத்தை உதட்டைக் குவித்துக்கொண்டு குனிந்தாள்.

"எச்சில் பண்ணாதம்மா!" என்று குமரகுரு உறுமினார்.

அத்தை நிமிர்ந்தவள் அப்புறம் குனியவே இல்லை. டாக்டர் சொல்லி ஏறாதது எச்சிலென்றதும் ஏறிவிட்டதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, எரிச்சல்படுவதா என்று கீர்த்திக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

"கொப்புளம் இல்லாதப்பவும் சில சமயம் ஒட்டுமாம்ணா. கொழந்த கொஞ்சம் பெருசாவட்டும்."

"நான் இன்னாத்துக்குத் தொடப் போறேன்? எச்சில்னு தெரிஞ்சப்புறம்?" வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அம்மா பக்கம் திரும்பினார். "எதுக்கும் நாளைக்கி இவளயும் இட்டுக்கினு போயி அந்தப் பல்லியத் தொட வச்சிடும்மா."

கீர்த்தி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளையைத் தூக்கினாள்.