தேன் போத்தலில் பழஞ்சோற்றுத் தண்ணி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தால்கூட என்ன எழுத வந்தேன் என்பது பாதியில் மறந்துவிடும். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் பேனை பிடிப்பது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் எங்கள் பகுதிப் பெண்களைக் கூட்டிவைத்து ஒரு டாக்டர் பிள்ளை சுகாதாரம் பற்றிக் கதைத்தார். புளிக்க வைத்த பானங்களில் வயிற்றுக்கு நன்மை செய்யும் கிருமிகள் இருக்கின்றனவாம். அவற்றைச் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்வது நல்லதாம். ஆனால் பழக்கமில்லாத வயிற்றில் எடுத்த எடுப்பில் நிறைய ஊற்றக் கூடாது, முதலில் அரைக் கோப்பை, சில நாள் கழித்து ஒரு கோப்பை என்று பழக்க வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் முக்காட்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று அந்தப் பிள்ளை கேட்டார். அத்தனை பேருக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. அங்கே சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மருதமுனையில் எங்கள் வீடு. வாப்பா தறி நெய்தார். எனக்கு மூத்தவள், ராத்தாவுக்குக் கல்யாணம் முடிந்து மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண் போய் மாப்பிள்ளை வீட்டில் வாழ்வதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படிப் பாலமுனையிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தவர் எங்கள் மச்சான். வீட்டை ராத்தாவுக்கும் அவருக்கும் விட்டுவிட்டு நாங்கள் அடுப்படியோடு ஒட்டிய கொட்டிலுக்கு வந்துவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் ஓர் ஓலைத் தட்டி நின்றது.

உம்மா புது மருமகனுக்கு முன்னால் வரவும் மாட்டார், நேரே கதைக்கவும் மாட்டார். தட்டிக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்வார். நான் தட்டியைச் சுற்றி நாலடி நடந்து மச்சானிடம் சொல்வேன். அது ஏற்கெனவே அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டுத்தான் பதில் சொல்வார். உம்மாவும் அந்தப் பதிலை என் வாயால் கேட்ட பிறகுதான் கேட்டதாக வைத்துக்கொள்வார். அந்த வீட்டில் நான் இல்லாவிட்டால் ஒரு காரியமும் நடக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

மச்சானுக்கு விடிந்ததும் முட்டைக் கோப்பி. பிறகு நெய் றொட்டி. பகலில் நெய்ச்சோறும் கோழியும். அஸர் தொழுகைக்குப் பிறகு பணியாரம். இராச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் ஆட்டுக்கறியும், முடிவில் வட்டிலப்பம். உம்மா வளர்த்த கோழிகள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் சேவல் மட்டும் கூட்டுக்குள் தனியாக நின்றது. நாங்கள் மற்ற எல்லோரும் விடிய விடியப் பழஞ்சோறுதான். பானையில் மிஞ்சும் தண்ணியை ஆட்டுக்கு ஊற்றுவது என் வேலை.

இரண்டாம் கிழமையிலேயே மச்சான் சாப்பாட்டை மிச்சம் வைக்கத் தொடங்கினார். ருசி போதவில்லையாக்கும் என்று உம்மா இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினார். அவர் இன்னும் மிச்சம் வைத்தார். முகம் வாடிப்போயிற்று. சாப்பிட்டவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார். வேலிக்கு அந்தப் பக்கத்து மாமி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் யாரிடமோ சொல்லி, அது தெருவைச் சுற்றி எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. ராத்தா கிணற்றடியில் நின்று அழுதாள். நாற்பது நாள் முடியும் முன் மாப்பிள்ளை தன் வீட்டுக்குப் போய்விட்டால், அந்தப் பெண் வீட்டின் கதை அவ்வளவுதான்.

ஒருநாள் முட்டைக் கோப்பியைக் கொண்டுபோனேன். மச்சான் கோப்பையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"மச்சி, உங்கட அடுப்படியில பழஞ்சோத்துத் தண்ணி இரிக்கா?"

"ஓம். ஆட்டுக்கு ஊத்த வெச்சிரிக்கி."

"ஆட்டுக்கு ஊத்திறதுல எனக்கும் கொஞ்சம் தாவன். ஒருத்தருக்கும் செல்லப்படா."

பாலமுனையில் அவர் வயல்காரர். விடியப் பழஞ்சோற்றுத் தண்ணி குடித்துவிட்டு வட்டைக்குப் போய்ப் பழகியவர். நான் ஒரு கோப்பை நிறைய, உப்புப் போட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் நசுக்கிப் போட்டுக் கொண்டுவந்தேன். அவர் பாதியைத்தான் குடித்தார். இத்தனை நாள் நெய்யில் ஊறிக்கிடந்த வயிறு, ஒரேயடியாக ஊற்றினால் கோபித்துக்கொள்ளும் என்றார். மூன்று நாள் அரைக் கோப்பை, பிறகு ஒரு கோப்பை. டாக்டர் பிள்ளை சொன்னதும் நான் ஏன் சிரித்தேன் என்று இப்போது விளங்கும்.

முட்டைக் கோப்பியை என்ன செய்வது? கொட்டினால் உம்மாவுக்குத் தெரிந்துவிடும். ஆகவே அதை நான் குடித்தேன்.

உம்மா காலையில் அடுப்படியை விட்டு நகரமாட்டார் என்பதால், ஒவ்வொரு நாளும் ஒளித்துக் கொண்டுபோவது கஷ்டமாயிற்று. அதனால் எங்கள் சாப்பாடு முடிந்து பானையில் மிஞ்சும் தண்ணியைத் தேன் வந்த ஒரு போத்தலில் ஊற்றி, தக்கையை இறுக்கி, தறிக் கொட்டிலின் மூலையில் நூல்கட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். உம்மா கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து மச்சான் அங்கே வருவார். வாப்பா தறிக்குழிக்குள் காலை வைத்துக்கொண்டு பாவு நூலிலேயே கண்ணாக இருப்பார். ஒன்றும் கவனிக்கமாட்டார்.

பத்து நாளில் மச்சானின் முகத்தில் இரத்தம் ஊறியது. பசி எடுத்தது. நெய்ச்சோற்றில்கூட ஒரு பங்கு இறங்கியது. ராத்தாவின் சிரிப்புச் சத்தம் தட்டிக்கு இந்தப் பக்கம் கேட்டது. எல்லாம் தன் முட்டைக் கோப்பியின் வேலை என்று உம்மா வேலிக்கு மேலாகப் பக்கத்து மாமிக்குச் சொன்னார். எனக்கும் அந்த நாட்களில்தான் கன்னத்தில் சதை வைத்தது. அதற்கு ஒருவரும் காரணம் தேடவில்லை.

அப்போது மச்சானையும் ராத்தாவையும் சாய்ந்தமருதில் ஒரு சொந்தக்காரர் விருந்துக்கு அழைத்தார். இரண்டு நாள் அங்கே தங்கினார்கள். கச்சான் காற்று அனலாக வீசிய காலம். போத்தல் மூலையில் அப்படியே இருந்தது.

அந்த இரண்டு நாளில் ஒருநாள்தான் ஓதப்பள்ளியில் குர்ஆன் ஓதித்தரும் லெவ்வை எங்களுக்கு ஹறாமான பொருட்களைப் பற்றிச் சொல்லித்தந்தார். புளித்து, நுரைத்து, குடித்த மனிதனின் புத்தியை மாற்றிவிடும் பானம் எதுவோ அதெல்லாம் விலக்கப்பட்டது என்றார். நாங்கள் எல்லோரும் ஒன்றாகத் தலையாட்டினோம். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அவர்கள் திரும்பி வந்த காலை நான் தக்கையைத் திருகினேன். அது டப்பென்று பறந்து கூரையில் பட்டு விழுந்தது. வெள்ளையாக நுரை பொங்கி என் கையில் வழிந்தது. மச்சான் பயப்படவில்லை. நன்றாகப் பொங்கியிருக்கிறது என்று சொல்லிச் சந்தோசப்பட்டு, போத்தலோடு வாயில் வைத்துப் பாதியைக் குடித்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார். பிறகு வயலில் பாடுகிற பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனவர், ஆட்டுக்கு முன்னால் நின்று அதன் தலையைத் தடவி, "உன்ட பங்கையும் நான் குடிச்சிட்டன், கோவிக்காத" என்றார்.

புளித்தது. நுரைத்தது. இதோ ஒரு பெரிய மனிதர் ஆட்டோடு கதைக்கிறார். லெவ்வை சொன்ன மூன்றில் ஒன்றும் குறையவில்லை. பத்து நாளுக்கு மேலாக நான் எங்கள் மச்சானுக்குக் கள்ளு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்!

அடுத்த நாள் தண்ணி முடிந்துவிட்டது என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு வாயாவது தா என்று கெஞ்சினார். கள்ளுக்குப் பழகியவர்கள் இப்படித்தான் கெஞ்சுவார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். முட்டைக் கோப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். அந்தக் கோப்பி எனக்குக் கிடைக்காமல் போனதில் கொஞ்சம் கவலைதான், ஆனாலும் பாவத்துக்குப் பயந்தேன்.

நாலு நாள் போனது. மச்சான் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ஐந்தாம் நாள் காலை, வட்டையில் வேலை கிடக்கிறது, பாலமுனைக்குப் போய்ச் சில நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று ராத்தாவிடம் சொன்னார். கட்டிலுக்குக் கீழிருந்த தகரப் பெட்டி வெளியே வந்தது. ராத்தா கொட்டிலுக்கு வந்து அதை அழுதுகொண்டே உம்மாவிடம் சொன்னாள். பக்கத்து மாமியின் முகம் வேலிக்கு மேலே தெரிந்தது.

நான் கிணற்றடியில் நின்றுகொண்டு யோசித்தேன். போத்தலில் மீதிப் பாதி இன்னும் இருந்தது. கொடுத்தால் மச்சான் நிற்பார், ஆனால் நரகத்துக்குப் போவார். கொடுக்காவிட்டால் ராத்தாவை விட்டுவிட்டுப் பாலமுனைக்குப் போவார். இரண்டுக்கும் நான்தான் பொறுப்பு. ஒன்பது வயதுக்கு அது தூக்க முடியாத பாரமாக இருந்தது. அடுப்படிக்கு ஓடினேன்.

"உம்மா, நான் மச்சானுக்குக் கள்ளுக் குடுத்துட்டன்."

உம்மாவின் கையிலிருந்த அகப்பை சட்டிக்குள் விழுந்தது. வாப்பாவைக் கூட்டிவரச் சொன்னார். வாப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்தார். நான் அழுதுகொண்டே போத்தலை எடுத்துக் கொடுத்தேன். அவர் மணந்து பார்த்தார். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு ஒரு மடக்குக் குடித்தார். உம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வாப்பா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து தோள் குலுங்கச் சிரித்தார்.

"இது நம்மட பழஞ்சோத்துத் தண்ணி புள்ள. இதக் குடிச்சிப்போட்டுத்தானே நீயும் விடிய ஓதப் போற."

பானையில் இருக்கும்போது அது நுரைக்கவில்லையே என்று கேட்டேன். பானைக்குத் தக்கை போடுவதில்லையே, அதற்கு மூச்சுவிட இடம் இருக்கிறது என்றார் வாப்பா.

உம்மா சிரிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், கள்ளு என்று நான் சொன்னபோது இருந்ததைவிட இப்போதுதான் அவர் முகம் அதிகம் கறுத்தது.

"நீங்க சிரிங்க. புது மாப்பிள்ளைக்கி ஆட்டுக்கு ஊத்திற தண்ணியக் குடுத்திரிக்காள். பாலமுனைக்கி இந்தக் கத போனா நான் எந்த முகத்தோட அந்த ஊட்டுப் படி ஏறுற?"

தட்டிக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. ஓலை இடுக்கால் பார்த்தேன். மச்சான் கையில் தகரப் பெட்டியோடு நின்றார்.

"மாமி, மச்சிய ஏசாதீங்க. நான்தான் கேட்ட. உங்கட கைச் சாப்பாட்டுல ஒரு குறையுமில்ல. என்ட வவுறுதான் ஏழ வவுறு. விடிய இது ஒரு கோப்ப கிடைச்சா நான் ஏன் பாலமுனைக்குப் போற?"

பழக்கதோசத்தில் நான் உம்மா பக்கம் திரும்பி, "உம்மா, மச்சான் செல்றார்" என்று தொடங்கினேன். வாப்பா என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

உம்மா முக்காட்டைச் சரிசெய்தார். தட்டியைப் பார்த்தபடியே நின்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், எனக்குச் சொல்லாமல், தட்டிக்கே சொல்வதுபோல் கேட்டார்.

"அவள் உப்பு அளவாப் போட்டாளா?"

"கொஞ்சம் குறைவுதான், மாமி."

"பெட்டிய உள்ள வைங்க, மகன். நாளைக்கி நான் கரைச்சித் தாறன்."

பெட்டி உள்ளே போகும் சத்தம் கேட்டது. உம்மா அடுப்பின் பக்கம் திரும்பி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். அடுப்பில் அப்போது புகை இல்லை. ஏன் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கள்ளு இல்லை என்று ஆயிற்று, மச்சானும் போகவில்லை, இனி அழுவதற்கு என்ன இருக்கிறது? அழ வேண்டியவள் நான்தான் என்று நினைத்தேன். அவர்கள் இரண்டு பேரும் என்னை நடுவில் விட்டுவிட்டு நேரே கதைத்ததை, எனக்குத் தந்த தண்டனை என்றே வெகுகாலம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியப் பானையில் வழமையைவிட இரண்டு பிடி சோறு கூடுதலாக ஊறியிருந்தது. முட்டைக் கோப்பி போடவில்லை. ஆட்டுக்குத் தவிட்டுத் தண்ணி வைத்தோம்.