அடுப்பில் தண்ணீர் ஊற்றியவனுக்குப் பாரஸ்டர் வேலை

அடுப்பில் தண்ணீர் ஊற்றியவன் கோவிந்தன். நான் இல்லை. பாரஸ்ட் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பெரம்பலூருக்குக் கரி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. நான் பச்சைமலை மேலே பாரஸ்ட் கார்டு. கோவிந்தன் அடிவாரத்துக் கார்டு. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது கார்டுக்கு மேற்படியான பாரஸ்டர் இடம் ஒன்று காலியானது. அது கிடைத்தால் பெரம்பலூரில் குவார்ட்டர்ஸ் உண்டு. என் மனைவியும் கைக்குழந்தையும் சிறுவாச்சூரில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். எப்போதாவது லீவு கிடைத்துப் போனால், யாரோ அந்நியன் வந்துவிட்டான் என்று குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டு அழும். கோவிந்தனின் குடும்பமோ அவனோடு அடிவாரத்திலேயே இருந்தது. அவனுக்கு எதற்குக் குவார்ட்டர்ஸ்?

அவனைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். காட்டுத்தீயை அணைத்துக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். தூரத்தில் போன கரடியை ஒருமுறை பார்த்தவன் அவன். ஆபீசில் எல்லாரும் கேட்டது அவன் கரடிக் கதையைத்தான்.

எங்கள் இருவரில் யார் பெயரை அந்த இடத்துக்கு எழுதி அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டியவர் ரேஞ்சர். அவர் மலைமேல் கொட்டகையில் ஒரு ராத்திரி தங்கப் போவதாகத் தகவல் வந்தது. நான் கொட்டகையைப் பெருக்கி, கூரை ஒழுகும் இடத்தில் புதுப்புல் செருகி, கோழியும் காப்பித்தூளும் வாங்கி வைத்தேன்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வழக்கம் உண்டு. அங்கே அடுப்பு அணையக்கூடாது. நெருப்புப் பெட்டி கிடைக்காத காலம். அதனால் தங்கிவிட்டுப் போகிறவர்கள் பெரிய கட்டையின் தணலைச் சாம்பலால் மூடிவிட்டுப் போவார்கள். அடுத்து வருகிறவர்கள் சாம்பலை விலக்கி ஊதினால் போதும். மலைக்காரர்கள், தேன் எடுப்பவர்கள், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் செய்வோம்.

சாயங்காலம் நான் சுனைக்குத் தண்ணீருக்குப் போயிருந்தேன். அதற்குள் கோவிந்தன் ரேஞ்சரை அழைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டான். புல் கூரைக்குக் கீழே புகை வருவதைப் பார்த்ததும் பானையில் இருந்த தண்ணீரை அப்படியே அடுப்பில் கவிழ்த்துவிட்டான். கோடைக்காலத்தில் ஆளில்லாத நெருப்பை அணைக்க வேண்டும் என்பது டிபார்ட்மென்ட் ரூல். அடிவாரத்து ஆளுக்கு ரூல் தெரியும், கொட்டகை வழக்கம் தெரியாது.

நான் குடத்தோடு உள்ளே நுழைந்தபோது ரேஞ்சர் அவன் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்.

"சபாஷ்! கார்டுன்னா இப்படி இருக்கணும். நீ என்னய்யா, நெருப்பைப் போட்டுட்டு எங்க போன?"

நான் வாயைத் திறப்பதற்குள் வானம் திறந்துகொண்டது. கோடை மழை. கூரைக்கு மேல் கல் விழுவது போல் சத்தம். ரேஞ்சர் வழித்தூறலிலேயே நனைந்திருந்தார். அவர் பையிலிருந்த நெருப்புப் பெட்டி ஊறிப்போயிருந்தது. காப்பி இல்லை, வெளிச்சம் இல்லை, கோழி உயிரோடு கொக்கரித்துக்கொண்டிருந்தது. ரேஞ்சருக்குக் குளிரில் பல் கிட்டியது.

"ஊருக்குள்ள போயி நெருப்பு கொண்டாய்யா," என்றார் என்னைப் பார்த்து.

ஊற்றியவனை அனுப்பக் கூடாதா? "எனக்கு வழி தெரியாதுங்க, இவருதான் இருட்டுலயும் போவாரு," என்றான் கோவிந்தன், ரொம்ப அக்கறையாக.

சட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி மலைக்காரர் ஊருக்குப் போனேன். முதல் வீட்டுக்காரர் சடையன். என்னை நன்றாகத் தெரிந்தவர். கையைப் பிசைந்தார்.

"வெளக்கு வெச்சாச்சுங்களே. வெளக்கு வெச்சப்புறம் வூட்டு நெருப்ப எப்படிங்க வெளிய குடுக்கறது?"

"ரேஞ்சர் கேக்குறாருங்க."

"யாரு கேட்டாலும் வூட்டு லச்சுமி போயிடுவாளுங்க. கோழி கூவட்டும். நானே சட்டி நெறைய அள்ளித் தரேன்."

அடுத்த வீடுகளிலும் அதே பதில். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எங்கள் வீட்டிலும் விளக்கு வைத்தபின் யாருக்கும் நெருப்புக் கொடுக்க மாட்டோம். வெறும் சட்டியோடு திரும்பவும் பயம். சடையன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து கோழி எப்போது கூவும் என்று காத்திருந்தேன். அங்கே அவன் ரேஞ்சரோடு தனியாக இருக்கிறான் என்று நினைக்க நினைக்க, நனைந்த உடம்பிலும் எனக்கு வேர்த்தது.

விடியலில் சாம்பல் மூடிய சட்டியோடு கொட்டகையை நெருங்கும்போதே ரேஞ்சரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உள்ளே இருவரும் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கரடிக் கதையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

பாரஸ்டர் உத்தரவு கோவிந்தன் பெயருக்கு வந்தது.

பிறகு ஒருநாள் அவன் பாரஸ்டராகக் கேம்ப் வந்தான். அதே கொட்டகையில் அவனுக்கு நான் பாய் விரிக்க வேண்டியிருந்தது. காப்பியைக் குடித்துவிட்டு நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்காத. அன்னைக்கு ராத்திரி பூரா ரேஞ்சர்கிட்ட ஒன்னப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தேன்."

"என்னன்னு?"

"இந்த மலையில ஒன்ன மாதிரி ஆளு கெடையாது, கண்ணக் கட்டி விட்டாலும் நீ வழி கண்டுபுடிச்சிருவேன்னு. ஒனக்குத்தான் எழுதுவாருன்னு நெனச்சேன். அவரு என்ன சொன்னாரு தெரியுமா? 'அப்படிப்பட்ட ஆள மலைய வுட்டு எறக்குனா, மலைய யாரு பாக்குறது?'ன்னுட்டாரு."

அவன் கண்ணில் நீர் நின்றது. பொய் இல்லை. என்னைப் பற்றிக் கோள் மூட்டியிருந்தான் என்றால் ஆயுசுக்கும் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அதையும் கெடுத்துவிட்டான். அன்று அவன் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பிப் போன பிறகும் எனக்கு வயிறு எரியத்தான் செய்தது. நான் மலையிறங்குவதற்குள் என் மகளுக்குப் பால்பல் விழுந்து வேறு பல் முளைத்திருந்தது.

ஆகவே தம்பிகளே, மேலதிகாரி கொட்டகையில் இருக்கும்போது நெருப்பு வாங்க நீங்கள் போகாதீர்கள். வேறு ஒருவனை அனுப்புங்கள். அனுப்பிவிட்டு, அவனைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள்.