அம்மா எழுதாத பெயர்

நான் காசிக்குப் போகப் போகிறேன் என்றதும் அம்மா செய்த முதல் வேலை, என் மகளின் பள்ளிக் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்ததுதான். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஒடாஹுஹுப் பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மேசை என்று இருந்தது அது ஒன்றே. சாப்பாடு, வீட்டுப்பாடம், குடிவரவுப் படிவங்கள் எல்லாம் அதன் மேல்தான் நடக்கும்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. சென்னையில் சித்தியின் மகளுக்குக் கல்யாணம். போரால் யாழ்ப்பாணத்து ஊருக்குப் போக முடியாத எங்கள் சனத்துக்கு அந்த நாட்களில் கல்யாணம் என்றால் சென்னைதான். அவ்வளவு தூரம் போகிறவன் காசிக்கும் போய் அப்பாவுக்குப் பிண்டம் போட்டுவிட்டு வரட்டும் என்பது அம்மாவின் கட்டளை. முழங்கால் வலியால் அவரால் வர முடியாது. என்னோடு வேலை செய்த தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் முகவரி தந்தார். "அங்க தமிழ் பேசுற வாத்தியாருங்க இருக்காங்க. நீங்க பேர் லிஸ்ட் மட்டும் கொண்டுபோங்க, மத்ததெல்லாம் அவங்க பார்த்துப்பாங்க" என்றார்.

அந்த லிஸ்டைத்தான் அம்மா எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் எடுத்தது. அப்பா, அப்பாவைப் பெற்றவர்கள், தன்னைப் பெற்றவர்கள், குழந்தையிலேயே போன ஒரு தங்கை, இரண்டு மாமாமார் என்று மொத்தம் எட்டுப் பெயர்கள். அண்ணனின் பெயர் இல்லை.

தொண்ணூறில் ஒருநாள் காலை அண்ணன் மண்ணெண்ணெய் வாங்கச் சைக்கிளில் போனார். வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அம்மா ஏறி இறங்காத வாசல் இல்லை. எங்கும் அவரைப் பற்றி ஒரு சொல் கிடைக்கவில்லை. நாங்கள் நியூசிலாந்துக்கு வந்த பிறகும் எந்தப் படிவத்தை நிரப்பினாலும், பிள்ளைகள் விபரம் என்ற இடத்துக்கு வந்ததும் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை பிடித்துக்கொள்ளும். அண்ணனின் முகவரி என்று யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் பழைய வீட்டை எழுதச் சொல்வார்.

"அந்த வீடே இல்லையம்மா" என்பேன்.

"வீடில்லாட்டில் வளவுக் காணி இருக்குத்தானே. எழுது."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பேனாவை எறிந்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். ஏழு வருடம் காத்திருந்தது போதாதா, யாராவது ஒருவர் துணிந்து முடிக்காவிட்டால் இது முடியவே முடியாது என்று நினைத்தேன். ஆகவே காசியில் எட்டுப் பெயர்களையும் சொன்ன பிறகு ஒன்பதாவதாக அண்ணனின் பெயரையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அம்மாவிடம் கேட்கவில்லை. விமானத்தில் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

நியூசிலாந்தில் சில வருடம் இருந்தால் போதும், மூக்கு வெள்ளைக்காரனாகிவிடுகிறது. காசியின் சந்துகளில் மாட்டுக்கு வழிவிட்டு, சாணத்தைத் தாண்டி, கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தேன். எரிக்கிற கட்டையின் புகை சட்டையில் ஏறியது. படித்துறையில் ஒருவர் பல் விளக்கினார், பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடிச் செபித்தார், இருவருக்கும் நடுவில் ஒரு எருமை குளித்தது. முதல் நாள் எனக்கு எரிச்சல்தான் வந்தது. இரண்டாம் நாள் விடியலில் படகில் போனபோது எரிச்சல் எப்படியோ போய்விட்டது. பாடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் தேநீர்க் கடைக்காரரிடம் ஒதுங்கச் சொன்னார்கள். அவர் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார், அவர்கள் போனதும் திரும்பவும் ஊற்றினார். சாவை இவ்வளவு சாதாரணமாக வைத்திருக்கிற ஊரில் என் வேலை சுலபமாக முடிந்துவிடும் என்று நம்பினேன்.

சடங்கு செய்து வைக்கும் வாத்தியாருக்கு அறுபது வயது இருக்கும். காசியிலேயே பிறந்தவராம், ஆனால் தமிழ் தஞ்சாவூர்த் தமிழ். கோத்திரம் கேட்டார். தெரியாது என்றேன்.

"தெரியாதவாளுக்கெல்லாம் சிவகோத்திரம்" என்று அதைச் சுலபமாக முடித்தார். தாளை வாங்கி, ஒவ்வொரு பெயராக வாசித்து, என்னைச் சொல்ல வைத்து, எள்ளும் தண்ணீரும் விட வைத்து, பிண்டம் வைக்க வைத்தார். எட்டும் முடிந்தது. தட்டில் பிசைந்த சோறு கொஞ்சம் மீதி இருந்தது.

"வேற யாராவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

"ஒராள் இருக்கிறார். என்ர அண்ணன்."

"எப்போ தவறினார்?"

"தெரியாது. காணாமல் போனவர். ஏழு வருசம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "காணாமப் போனவாளுக்குப் பன்னெண்டு வருஷம் பார்க்கணும். உசிரோட இருக்கறவாளுக்குப் பிண்டம் வைக்கப்படாது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இருக்கிறவர் ஏழு வருடமாக ஒரு கடிதம் போடமாட்டாரா என்று கேட்டேன். எங்கள் நாட்டில் காணாமல் போவது என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது என்றும் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கோபிக்கவில்லை.

"சந்தேகமே இல்லேன்னு நீங்க சொல்லுங்கோ, நான் பண்ணி வைக்கறேன். உங்களுக்குச் சந்தேகம் இருக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அம்மா மேசையில் குனிந்திருந்து எழுதியது கண்ணுக்குள் வந்தது.

"இருக்கு" என்றேன்.

அவர் மீதிச் சோற்றைக் காகத்துக்கு வைத்தார். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். அங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஆக்லாந்து வரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய நம்பிக்கையைக் காப்பாற்றிவிட்டேன் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கங்கைச் செம்பை வாங்கிச் சாமிப் படத்தடியில் வைத்தார். பிறகு தாளைக் கேட்டார். எள் ஒட்டி, எண்ணெய் ஊறிப்போயிருந்த தாளை மேசையில் வைத்துக் கையால் நீவினார்.

"எல்லாரையும் சொன்னனியோ?"

"ஓம். எட்டுப் பேரையும் சொன்னனான்."

"எட்டுத்தானோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "எட்டுத்தானே அம்மா எழுதித் தந்தனீங்கள்" என்றேன்.

"எனக்கு எழுதக் கை வரேல்லை. நீ எப்படியும் சொல்லிப்போட்டு வருவாய் எண்டு நினைச்சன்."

நான் பன்னிரண்டு வருடக் கணக்கைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப இன்னும் அஞ்சு வருசம்" என்றார். தாளை நாலாக மடித்துத் தன் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். ஒரு தாய் தன் வாயால் சொல்ல முடியாததைச் சொல்லத்தான் என்னை அவ்வளவு தூரம் அனுப்பியிருந்தார். அது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் அம்மாவுக்கு இன்னொரு படிவம் வந்தது. வழக்கம்போல அதே மேசை. பிள்ளைகள் விபரத்தில் அண்ணனின் பெயரை எழுதினேன். முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினேன். இந்த முறை அம்மா "எழுது" என்று சொல்லவில்லை. மடியில் கிடந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டு இலக்கம், ஒழுங்கை, கிராமம் என்று நானே எழுதினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"ஒழுங்கையின்ர பேரை வடிவா எழுது" என்றார். "கடிதம் கிடிதம் போட்டால் மாறிப் போயிடும்."

நான் அதை வெட்டிவிட்டு, மேலே திரும்ப எழுதினேன்.