சொடக்குச் சத்தம்

எனக்கு முடக்குவாதம் வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். ஆஸ்டின் டவுன் வீட்டில் நான், என் கணவர், எங்கள் மகள், கணவரின் அக்கா. கணவர் வாய் திறக்காதவர். அவருக்கும் சேர்த்து நாத்தனார் பேசினாள். காலையில் எழுந்தால் என் விரல்கள் விறைத்துக் கிடக்கும், வெயில் ஏறிய பிறகுதான் மெல்ல மடங்கும். அதற்குள் மகள் பள்ளிக்குப் போயிருப்பாள். அவளுக்குத் தலை பின்னும் வேலை இப்படித்தான் நாத்தனார் கைக்குப் போனது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பின்னல் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். துறுதுறுவென்று ஓடும் அந்தப் பிள்ளை என் முன்னால் அசையாமல் உட்கார்ந்ததே அந்தக் கொஞ்ச நேரம்தான்.

கைகளை நீவிவிட ஆள் பிடித்ததும் நாத்தனார்தான். பக்கத்துச் சந்தில், பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்டிவிடும் ஓர் அம்மாள். தினமும் காலையில் வந்து என்னைப் பலகையில் உட்கார வைத்து, வாதநாராயண இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைத் தடவுவாள். தடவுவதுவரை நான் குறை சொல்லமாட்டேன். கடைசியில் ஒவ்வொரு விரலாகப் பிடித்து இழுத்துச் சொடக்கு எடுப்பாள். சத்தம் வந்தால் வாயு இறங்கிவிட்டதாம். சத்தம் வராத விரலை மறுபடி இழுப்பாள். நெருப்பாய்க் கொதிக்கும் மூட்டை இழுத்தால் சத்தம் என் தொண்டையிலிருந்துதான் வரும், தெருவுக்கே கேட்கும்.

அதே நேரம் நாத்தனார் கூடத்தில் என் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். "நல்லா இழுத்து எடும்மா, அவ சும்மா சத்தம் போடுவா" என்று அங்கிருந்தே சொல்வாள்.

ஒரு நாள் நடுவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. எண்ணெய் போதும், சொடக்கு வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டேன். அம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. சொடக்கு எடுக்காமல் பாதியில் விட்டால் வாயு நீவியவள் கைக்கு ஏறிவிடும் என்று சொல்லி மறுபடி விரலைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவ தொட்டீங்கன்னா இந்த எண்ணெய உங்க தலைலயே கவுத்துடுவேன்" என்றேன்.

தமிழிலும் கன்னடத்திலும் என்னைத் திட்டிக்கொண்டே அவள் போனாள். நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். அதைப் போல ஒரு நிம்மதி அந்த வீட்டில் எனக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை.

அப்புறம் மத்தியானங்களில் நானே எண்ணெயை வெதுவெதுப்பாக்கி, கொதிப்பு அடங்கிய விரல்களை மட்டும் மெதுவாக நீவிக்கொண்டேன். வீக்கம் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் ஒரு சீப்பைப் பிடிக்கும் அளவுக்கு விரல்கள் மடங்கின. காலையில் அதுவும் நடக்காது. விளக்கு வைத்த பிறகு தலை வாரக்கூடாது. எனக்கென்று இருந்தது மகள் பள்ளியிலிருந்து வருவதற்கும் விளக்கு வைப்பதற்கும் நடுவில் உள்ள நேரம்தான்.

ஒரு நாள் அவள் வந்ததும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முடியாத வேலையெல்லாம் எதற்கு என்று நாத்தனார் வாசல்படியில் நின்று சுவரிடம் சொன்னாள். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போட்ட பின்னலை அவிழ்த்தேன். சிக்கெடுத்து, முடியை மூன்றாகப் பிரித்தேன்.

மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

எதற்கு என்று கேட்டேன்.

"நீ கத்துவியேம்மா" என்றாள்.

எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னேன். அவள் கையை எடுக்கவில்லை. அந்தக் கைகளுக்குப் பின்னால்தான் பின்னி முடித்தேன்.