அம்புக்கூட்டின் அடித்தகரம்

எங்கள் தெருவில் என் அக்கா வீட்டுக்காரருக்குப் பஞ்சு என்று பெயர். பேருந்து இருக்கைகளுக்குப் பஞ்சு அடைத்துத் தைக்கும் பட்டறை அவருடையது. ஆனால் பெயர் அதனால் வந்ததில்லை. அவர் உடம்பில் இருக்கும் எதுவும் சத்தம் போடக் கூடாது. சாவிக்கொத்தில் பஞ்சு, பெல்ட் வளையத்தில் பஞ்சு, செருப்பின் அடியில்கூட ஒரு துண்டு கம்பளி. வில்லோடு வேட்டைக்குப் போய்ப் போய் அப்படிப் பழகிவிட்டார்.

“சாவிக்கெல்லாம் சுத்துறீங்களே, தூங்கும்போது மூக்குக்கும் கொஞ்சம் சுத்துங்க” என்பாள் அக்கா.

அம்புகளை ஒரு தோல் கூட்டில் கொண்டுபோவார். குழாய் போல இருக்கும். இடுப்பிலிருந்து வலது தொடையின் பின்பக்கமாக முழங்கால் வரை தொங்கும். அம்புகள் முனை கீழே பார்க்க நிற்கும். அடியில் ஒரு வட்டத் தகரம். நடந்தால் முனைகள் அதில் பட்டு லேசாகக் கிணுங்கும். அந்த வருடம் வேட்டை அனுமதிச் சீட்டு வந்த வாரம், தகரத்தைப் பிடுங்கிவிட்டுப் பஞ்சை வைத்துத் தைத்தார்.

பட்டறையில் தோல் வெட்டுவது நான். “மாமா, தகரம்...” என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பிப் பார்த்ததும் குனிந்து தோலை வெட்டத் தொடங்கினேன். அக்காதான் கேட்டாள்.

“அது என்ன அங்க அழகுக்கா இருந்துச்சு?”

“பன்னிக்குக் காது நல்லாக் கேக்கும். உன்னை மாதிரி பத்து தடவை சொல்ல வேண்டியதில்ல.”

தனியாக மட்டும் அக்கா விடமாட்டாள். “இவளைக் கூட்டிட்டுப் போங்க. வாயைத் திறக்கிற ஆளே இல்ல, உங்களுக்குத் தோதா இருக்கும்.”

விடிந்த கொஞ்ச நேரத்தில் ஓடையைக் கடந்தோம். இடுப்பளவு தண்ணீர். நாண் நனையக் கூடாதென்று வில்லைத் தலைக்கு மேல் பிடித்தார். கூடு தண்ணீருக்குள் கிடந்தது. அக்கரையில் புதர்களுக்கு நடுவே வெகு தூரம் நடந்தோம். நான் நாலடி பின்னால். முன்னால் செடி அசைந்து, கறுப்பு முதுகு ஒன்று தெரிந்தது. அசையாதே என்று கையைப் பின்னால் காட்டினார்.

அசையாமல் நின்றதால்தான் பார்த்தேன். கூட்டின் அடியில் பஞ்சு நனைந்து ஒரு பக்கமாகச் சுருண்டிருந்தது. மறுபக்கம் ஊறிய தோல் புடைத்துக்கொண்டு நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தையலை அறுத்துக்கொண்டு ஓர் இரும்பு முனை விரல் நீளம் வெளியே வந்தது.

குறி பார்க்க அவர் குத்துக்காலிட்டு உட்காருவார். அப்போது கூட்டின் அடி, தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் நடுவில் மாட்டும். வீட்டுக்குப் பின்னால் அவர் பழகும்போது எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். தகரம் இருந்தவரை அதனால் ஒன்றுமில்லை. முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் குழியில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. ரோட்டுக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம். ரத்தம் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

அவர் முழங்கால் மடியத் தொடங்கியது. போய்த் தொட்டால் திடுக்கிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார். முழங்கால் இன்னும் கொஞ்சம் மடிந்தது. கால்சட்டைத் துணியில் முனை பட்டுக் குழி விழுந்தது.

“உக்காராதீங்க மாமா.”

பட்டறை மெஷின் ஓடும்போதுகூட நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. பன்றி புதரைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் பாதி மடிந்தபடியே நின்றார்.

“என்ன பண்ணிட்ட தெரியுமா?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“நிமிருங்க. மெதுவா.”

நான் கூட்டைக் காலிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொள்ள, அவர் வாரை அவிழ்த்தார். துணி கிழிந்து, தோலில் மெல்லிய சிவப்புக் கோடு. முனையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். பக்கத்துக் கல்லில் உட்காரப் போனவர், உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார்.

திரும்பும் வழியில், “பன்னி மோப்பம் பிடிச்சிருச்சுன்னு அக்காகிட்ட சொல்லிடுவோம்” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதையே சொன்னார். அக்கா கால்சட்டைக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

“ஏங்க, பன்னி கத்தரிக்கோல் வெச்சிருந்துச்சா?”

மறுநாள் பட்டறையில் பழைய தகரத்தை என் முன்னால் வைத்து, “நீயே தை” என்றார். இரட்டைத் தையல் போட்டேன். இப்போதும் அவர் நடந்தால் கிணுங்குகிறது. போன வருடம் ஒரு பன்றிகூடக் கிடைக்கவில்லை.